மழைக்கு முன்பே அடங்கல்

மூன்று மாத மழை ஒரே நாளில் பெய்தால் என்ன ஆகும் என்பதை 2024 காட்டிவிட்டுப் போனது. வடகிழக்குப் பருவமழை முழுவதற்கும் தமிழ்நாட்டின் இயல்பு அளவு 44 செ.மீ. தான். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது, விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. கொட்டித் தீர்த்தது. அந்தப் பருவத்தில் மாநில மழை இயல்பைவிட 33 சதவீதம் அதிகம். ஆகவே, 'இந்த வருஷம் மழை நார்மல்' என்ற செய்தியை நம்பிக் கால் நீட்டிப் படுக்க வேண்டாம்.

வானிலை எச்சரிக்கையில் ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் உடனே செயல்படு. நம்மில் பலருக்கு அந்த எச்சரிக்கை நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவா என்ற கேள்வியோடு முடிந்துவிடுகிறது. வெள்ளம் வர உங்கள் ஊரில் மழை பெய்ய வேண்டும் என்பதுமில்லை. அதே புயல் மழையில், டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டதும் தென்பெண்ணைக் கரை ஊர்கள் தண்ணீரில் நின்றன. ஆற்றோரம் இருப்பவர்கள் அணை நீர்மட்டத்தையும் பார்க்க வேண்டும். அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

வெள்ளம் வடிந்த ஒரு வீட்டுத் திண்ணையில் பட்டா, பாஸ்புக், ரேஷன் கார்டு எல்லாம் அப்பளம் மாதிரி வெயிலில் காய்ந்தன. பறக்காமலிருக்க மேலே கூழாங்கற்கள். சாகுபடிப் பதிவான அடங்கலில் மை கரைந்து, சர்வே எண் இருந்த இடத்தில் நீலத் திட்டு. நிவாரணம் கேட்கப் போனால் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

ஃபெஞ்சல் புயலுக்கு அரசு அறிவித்தது: 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், சேதமடைந்த குடிசைக்கு 10,000, இறந்த மாட்டுக்கு 37,500. கணக்கெடுப்பில் விடுபடுகிறவர் பெரும்பாலும் குத்தகைக்காரர்தான். சேற்றில் இறங்கி நட்டவர் அவர். பட்டாவில் இருப்பது வேறு பெயர். நடவு முடிந்ததுமே வி.ஏ.ஓ.விடம் சாகுபடி செய்பவர் பெயரில் அடங்கல் வாங்கிவிட வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு வாங்க அலைவது பெரும்பாடு.

பயிர்க் காப்பீடு வேறு கணக்கு. சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம் கட்டினால் போதும், குத்தகைக்காரரும் சேரலாம். கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் நடுவில் வரும். அதைத் தவறவிட்டவருக்கு அந்தப் பருவத்தில் காப்பீடு இல்லை. "என் வயல் மூழ்கியது, பணம் வரவில்லையே" என்ற குமுறல் ஊருக்கு ஊர் கேட்கிறது. விளைச்சல் இழப்பை உங்கள் வயலை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. பெரும்பாலும் கிராமத்தில் நடக்கும் அறுவடைப் பரிசோதனையின் சராசரியே முடிவு செய்கிறது. அது எந்த வயலில், என்று நடக்கிறது என்று விசாரித்து அங்கே போய் நில்லுங்கள். அறுத்துக் களத்தில் போடாமல் வயலிலேயே காயவிட்ட கதிர் 14 நாளுக்குள் புயல் மழையில் கெட்டால் தனி வயல் கணக்கு உண்டு. 72 மணி நேரத்துக்குள் காப்பீட்டு உதவி எண் 14447-ல் சொல்லிவிட வேண்டும்.

நிவாரணப் பட்டியலில் பெயர் விட்டுப்போனால் தாசில்தாரிடம் மனு, பலிக்காவிட்டால் திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகம். மனு ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். அதற்கும் பதிலில்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும்.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பயிர் பச்சையாக நிற்கும்போதே, எல்லைக்கல்லும் தெரியும்படி, தேதியோடு ஒரு போட்டோ.