மேனியின் போர்வை

நம் உடலின் உறுப்புக்களுள் மிகப் பெரியது எது என்று கேட்டால், கல்லீரல் என்றோ நுரையீரல் என்றோ மாணவர் சிலர் விடையிறுப்பர். உண்மையில் அது தோலேயாகும். வளர்ந்த ஒருவரின் தோலை விரித்துப் பரப்பினால் ஏறக்குறைய ஒன்றரை முதல் 2 சதுர மீட்டர் வரை இருக்கும். புழுதியையும் கிருமிகளையும் தடுத்து நிறுத்துவது, வேர்வையை வெளிவிட்டு உடற்சூட்டை ஒரு நிலையில் வைப்பது, சுடுவதையும் குளிர்வதையும் உணர்ந்து மூளைக்கு அறிவிப்பது ஆகிய யாவும் அதன் தொழில்கள். நாமோ அதனை நிறம் பார்ப்பதற்கென்றே அமைந்த பொருளாக எண்ணிவிடுகிறோம்.

தோலின் மேலடுக்கிலே ஓயாத ஒரு பயணம் நடைபெறுகிறது. அடியில் பிறக்கும் உயிரணுக்கள் மெல்ல மேல்நோக்கி நகர்ந்து, தட்டையாகி, உயிரிழந்து, கண்ணுக்குப் புலனாகாத செதில்களாக உதிர்கின்றன. இப்பயணம் முடிய ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். மூன்றே நாளில் முகம் மாறும் என்று விளம்பரம் கூறும்போது இந்தக் கணக்கை நினைவிற் கொள்ளுங்கள்.

செங்கற்களுக்கிடையே சுண்ணாம்புக் காரை இருப்பது போல, இச்செதில்களுக்கிடையே கொழுப்புப் பொருள் நிரம்பியிருக்கிறது. தோலின் மேற்பரப்போ சிறிது அமிலத் தன்மை உடையது. நாம் வழங்கும் சோப்புக்கள் பெரும்பாலும் காரத்தன்மை வாய்ந்தவை. ஆதலின் நாளைக்கு ஐந்தாறு முறை சோப்பிட்டு முகத்தைத் தேய்ப்பவர் அழுக்கைப் போக்குவதோடு காரையையும் கரைத்துவிடுகிறார். காலையில் ஒரு முறையும், விளையாடி வேர்த்து வந்தபின் மாலையில் ஒரு முறையும் கழுவினாற் போதும். மார்கழிக் குளிரில் கைகால்கள் வறண்டு வெடிப்போர், குளித்த ஈரம் முற்றும் உலருமுன் சிறிது தேங்காய் எண்ணெய் பூசிக்கொள்வது நன்று. ஆனால் பரு உள்ள முகத்துக்கு இவ்வெண்ணெய் ஆகாது.

பருவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உங்கள் வயதில் இதனால் வருந்தாதவர் சிலரே. பருவ வயதில் உடலில் மிகும் சில ஹார்மோன்களின் தூண்டுதலால், மயிர்க்கால்களை ஒட்டியுள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுதியாகச் சுரக்கின்றன. அந்த எண்ணெயும் உதிர்ந்த செதில்களும் சேர்ந்து துவாரத்தை அடைக்கின்றன. அடைபட்ட இடத்தில் தோலிலேயே வாழும் ஒருவகை நுண்ணுயிர் பெருக, அவ்விடம் சிவந்து வீங்குகிறது. சிலர் முகத்தில் கரும்புள்ளியாகத் தோன்றுவது அழுக்கன்று. அடைப்பின் மேல்நுனி காற்றுப்பட்டுக் கறுத்ததே அது. எனவே நாரிட்டுத் தேய்ப்பதால் அது போகாது. பருவைக் கிள்ளுவதும் பிதுக்குவதும் வீக்கத்தை உள்ளே ஆழச் செலுத்தும். பரு ஒரு வாரத்தில் ஆறினாலும், கறை பல மாதம் நிற்கும், பள்ளமோ வாழ்நாள் முழுவதும் நிற்கும். தலைக்கு எண்ணெய் வழிய வழியத் தடவுவோர்க்கு நெற்றியோரத்தில் பரு மிகுவதுண்டு. இனிப்பு மிகுந்த உணவும் சிலருக்கு அதனை மிகுவிக்கிறது. மருத்துவர் தரும் களிம்பு பயன்காட்ட ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். பத்து நாளில் சலித்து நிறுத்துவோரே பலர்.

இனி நிறம். தோலுக்குக் கருமை தரும் மெலனின் என்னும் பொருள், வெயிலின் புறஊதாக் கதிர்கள் உள்ளே புகுந்து கேடு விளைக்காமல் காக்கும் குடை. சங்கப் புலவர் மாந்தளிர் போன்ற மாமை நிறத்தை அழகென்று போற்றினர். அது மாறி வெளிறிப் பசலை படர்வதையே அழகின் இழப்பாகப் பாடினர். அவர்தம் வழிவந்த நாமோ வெளுப்பதற்கு விலை கொடுக்கிறோம்! வெறும் காசு இழப்பாயின் பொறுக்கலாம். வெளுக்கச் செய்யும் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். வேறு சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து உண்டு. முதலில் முகம் பளபளக்கும். நாளடைவில் தோல் மெலியும், இரத்த நாளங்கள் வெளியே தெரியும், பரு கொப்புளிக்கும், களிம்பை நிறுத்தினாலோ முகம் எரியும். இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென்று இந்திய அரசு 2018-இல் விதித்தது. ஆயினும் தோழி தந்தாள், கடைக்காரர் சொன்னார் என்று வாங்கிப் பூசுவோர் இன்றும் உளர்.

படைக்கு இக்களிம்பைப் பூசுவது அதனினும் கேடு. படை ஒரு பூஞ்சை நோய். ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும், பூஞ்சையை அழிக்காது. அரிப்பு நின்றதென்று நாம் மகிழ்ந்திருக்க, வட்டம் அகன்றுகொண்டே போகும். அதற்குரிய மருந்தை, தோல் தெளிந்துவிட்டதாகத் தோன்றிய பின்னரும் மருத்துவர் சொன்ன நாள்வரை இடவேண்டும். உலராத உள்ளாடையை உடுத்தாமலும், ஒருவர் துண்டை மற்றவர் வாங்காமலும் இருந்தால் படை பரவ வழி குறையும்.

விடுதியில் தங்கிப் படிப்போர் மற்றொன்றும் அறிந்திருத்தல் நலம். விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் சிறு சிறு கொப்புளங்கள் தோன்றி, இரவில் அரிப்பு மிகுமாயின், அது தோலுக்குள் துளைத்து வாழும் நுண்ணிய சிற்றுயிரால் வரும் சொறியாக இருக்கலாம். வெட்கப்பட்டு மறைப்பதற்கு அதில் ஏதுமில்லை. நாளும் குளிப்பவரையும் அது பற்றும். அரிப்பு இல்லாதவர் உட்பட அறையில் உடன் உறைவோர் அனைவரும் மருத்துவர் கூறிய மருந்தை ஒரே நாளில் இட்டு, அன்றே போர்வைகளையும் உடைகளையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். ஒருவர் விடுபட்டாலும், சில வாரங்களில் அது அவரிடமிருந்து மற்றவர்க்கு மீண்டும் வந்து சேரும்.