பப்வா சேவ்கோலம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இந்தியக் குடும்பத்தில் பிறந்தவர். கோல்ஃப் மைதானத்தில் பிறருக்கு மட்டைப்பை சுமந்த கேடி. வலக்கை ஆட்டக்காரர்தான், ஆனால் இடக்கையைக் கீழே, வலக்கையை மேலே வைத்து மட்டையைப் பிடிப்பார். தானாகக் கற்றது, கடைசிவரை மாற்றவில்லை. ‘ஆயில் ஆஃப் ஓலே’ சருமப் பூச்சை உருவாக்கிய கிரஹாம் வுல்ஃப் இவரை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். 1959, 1960, 1964 டச்சு ஓப்பன் கோல்ஃப் பட்டங்கள் இவருக்கே.

சொந்த ஊரிலோ நிறவெறிச் சட்டம். 1963இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓப்பனை வென்றார். வெள்ளையர் அல்லாதவர் என்பதால் கிளப் கட்டடத்துக்குள் விடவில்லை. வெளியே, மழையில் நின்று கோப்பை வாங்கினார். 1965இல் அதே பட்டத்துக்கு வெள்ளையின நட்சத்திர வீரர் கேரி பிளேயரையே முந்தினார். பொறுக்குமா அரசு? பின்னர் வெள்ளையர் போட்டிகளில் ஆடத் தடை வந்தது, கடவுச்சீட்டும் பறிபோனது. 1978இல் மறைந்தார்.