வெயிலில் குளிரும் பட்டு

தைப்பூசத்தன்று பட்டு உடுத்தித் தண்ணீர்மலைக்கு நடப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: நிழலில் இதமாக இருக்கும் பட்டு, வெயிலில் சுடத் தொடங்கிவிடும். பட்டிழை ஒரு வகைப் புரதம். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் பெரும்பகுதியை அது திருப்பி அனுப்பினாலும், சூரியனின் புற ஊதாக் கதிர்களை ஈர்த்துக்கொள்கிறது. ஈர்த்த ஆற்றல் வெப்பமாக மாறுகிறது.

இக்குறையைப் போக்க உலோகம் உதவும் என்றால், வெயிலில் கிடந்த இரும்பைத் தொட்டவர்கள் சிரிக்கக்கூடும். ஆனால், நானோ அளவில் உலோகமும் உலோக ஆக்சைடும் வேறு விதமாகப் பயன்படுகின்றன. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால், அதில் ஒரு கூறே நானோமீட்டர்.

முதலில் வெள்ளியைப் பார்ப்போம். நம் உடல் அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை இடைவிடாமல் வெளியேற்றுகிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பருத்தித் துணியில் வெள்ளி நானோ கம்பிகளைப் படியச் செய்தனர். 2015இல் வெளிவந்த அவ்வாய்வின்படி, அக்கம்பி வலை உடல் வெப்பத்தை உடலுக்கே திருப்பியது. வலையின் துளைகள் வெப்பக் கதிர்களின் அலைநீளத்தைவிடச் சிறியவை. ஆயினும், வியர்வையின் ஆவி வெளியேறப் போதுமானவை. குளிர்நாட்டுக்கு ஏற்ற சட்டை! பினாங்கில் அணிந்தால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நமக்குத் தேவை இதற்கு நேர்மாறானது. 2021இல் சீனாவின் நான்ஜிங் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்களும் அலுமினிய ஆக்சைடு நானோ துகள்களை வேதிமுறையில் பட்டிழைகளோடு பிணைத்த ஆய்வை வெளியிட்டனர். அத்துகள்கள் புற ஊதாக் கதிர்களைச் சிதறடித்துத் திருப்பின. ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் வெப்பநிலையில், நேரடி வெயிலில், அந்தப் பட்டு சுற்றியிருந்த காற்றைவிடச் சுமார் 3.5 பாகை குளிர்ந்திருந்தது. தோலைப் போன்ற ஒரு பொருளின்மீது போர்த்தியபோது, சாதாரணப் பட்டைப் போர்த்தியதைவிட அப்பொருளின் வெப்பநிலை சுமார் 8 பாகை குறைந்தது.

காற்றைவிடத் துணி எப்படிக் குளிரும்? அது வெளியிடும் அகச்சிவப்புக் கதிர்கள் வளிமண்டலத்தைக் கடந்து விண்வெளிக்குச் செல்வதே காரணம். பினாங்குக் காற்றிலோ ஈரப்பதம் மிகுதி. நீராவியும் மேகமும் அக்கதிர்களில் ஒரு பகுதியை ஈர்த்து, மீண்டும் கீழ்நோக்கி அனுப்பும். எனவே, அதே 3.5 பாகையை ஜார்ஜ்டவுனில் எதிர்பார்ப்பது கடினம். வெயிலைத் திருப்பும் பயன் இங்கும் கிடைக்கும்.

சலவையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நாற்றத்தைத் தடுக்க வெள்ளி நானோ துகள்கள் சேர்த்த காலுறைகளை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்து, 2008இல் முடிவை வெளியிட்டனர். சில காலுறைகளிலிருந்து வெள்ளி கழுவிய நீரில் கலந்திருந்தது. நீரில் கரையும் வெள்ளி மீன்களுக்கும் நுண்ணுயிர்களுக்கும் நஞ்சு. கடல் சூழ்ந்த தீவுக்கு இது சிறிய செய்தியன்று. பட்டில் பிணைத்த துகள்களும் பல சலவைகளைத் தாங்கியாக வேண்டும். அவை உதிர்ந்துவிட்டால், புடவை பழையபடி வெயிலில் சுடத் தொடங்கும்.