குழுக் கடனும் குடும்ப மானமும்

விழுப்புரத்துக்கு மேற்கே ஒரு சிற்றூரில், சென்ற ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில், பத்துப் பெண்கள் ஒரு வீட்டு வாசலில் வரிசையாக உட்கார்ந்து வாரத் தவணை செலுத்துவதைப் பார்க்க நேர்ந்தது. அவர்களோடு இருக்க வேண்டிய இன்னொருத்தி, பிள்ளைக்குக் காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். அவளுடைய தவணை சேராமல் கணக்கை முடிப்பதற்கில்லை என்று வசூலிக்க வந்த இளைஞர் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாதிருக்கவே, களையெடுப்புக்கு நேரமாகிறதே என்று தவித்த பெண்களில் ஒருத்தி முந்தானை முடிச்சை அவிழ்த்து நூறு ரூபாயும், வேறொருத்தி அடுத்த வீட்டில் கைமாற்று வாங்கி இருநூறும் வைத்து, ஒருவாறு தொகையை நிரப்பினார்கள். அன்று மாலை பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு திரும்பி வந்தவளிடம் அந்தத் தெருவில் ஒருவரும் முகங்கொடுத்துப் பேசவில்லை.

ஈடு வைக்க நிலமோ நகையோ இல்லாத ஏழைக்கு அக்கம்பக்கத்தாரின் சொல்லையே ஜாமீனாக்கிக் கடன் கொடுப்பது உயர்ந்த கருத்து என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சென்னை ராஜதானியில் பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி, ஜெர்மனியில் ரைபைசன் வகுத்த கூட்டுறவு முறையை ஆராய்ந்து 1890-களில் அறிக்கை எழுதியதும், 1904-இல் திருவள்ளூரை அடுத்த திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியதும், 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கப்பட்டதும் அந்தக் கருத்தின் வழிவந்தவையே. ஆனால் இன்று கிராமத்தில் 'குழு' என்ற ஒரே பெயரால் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் வழங்கிவருகின்றன. சுயஉதவிக் குழுவில் பெண்கள் முதலில் தங்கள் சேமிப்பைத் திரட்டுகிறார்கள். தீர்மானம் எழுதித் தமக்குள் கடன் கொடுத்துக்கொள்கிறார்கள். பிறகு குழுவின் பெயரில் வங்கியை அணுகுகிறார்கள். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தைச் சேர்ந்த மகளிர் குழுவாயின் மூன்று லட்சம் ரூபாய் வரை ஆண்டுக்கு 7 சதவீத வட்டியில் அது பெற இடமுண்டு. நிதி நிறுவனங்கள் கூட்டுகிற குழுவோ பெரும்பாலும் ஒருவர் கடனுக்கு மற்றவரைப் பிணையாக்குவதற்கென்றே கூட்டப்படுவது. அதில் பொதுச் சேமிப்பும் இல்லை, பெண்கள் கூடி எடுக்கும் முடிவும் இல்லை. கையெழுத்திடுமுன் தான் சேர்வது எந்தக் குழு என்று ஒரு பெண் கேட்டறிந்துகொண்டால், பின்னால் வரும் துன்பத்தில் பாதி அங்கேயே நின்றுவிடும்.

வட்டி விஷயத்தில் நேரும் மயக்கம் இதனினும் பெரிது. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு இரண்டு வருஷத் தவணை, வட்டி 12 சதவீதந்தான் என்று வாய்மொழியாகச் சொல்லப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலின் முழுத்தொகைக்கும் இரண்டு வருஷ வட்டியாகப் பன்னிரண்டாயிரத்தைக் கூட்டி, அறுபத்திரண்டாயிரத்தை 24 மாதங்களால் வகுத்தால் மாதம் சுமார் 2,583 ரூபாய் வருகிறது. ஆனால் மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே போகையில் குறையாத அசலுக்கு வட்டி கொடுக்கிறோமாதலால், உண்மையில் அது ஏறக்குறைய 21½ சதவீதமாகிவிடுகிறது. சேவைக் கட்டணமும் காப்பீட்டுத் தொகையும் முன்னதாகவே பிடிக்கப்பட்டால் இன்னும் ஏறும். ஆகையால் 'எத்தனை வட்டி' என்று கேட்பதோடு நில்லாமல், 'எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம்' என்று கேட்பதே சரியான கேள்வி. இந்த விகிதத்தைத் தகவல் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டுமென்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. அத்தாளில் குறிக்காத ஒரு ரூபாயையும் வசூலிக்கலாகாது.

2022 ஏப்ரல் முதல் நடைமுறையிலிருக்கும் அக்கட்டளைகளைக் கிராமத்துப் பெண்களுக்கு எடுத்துச் சொல்வோர் மிகக் குறைவு. ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்கு மேற்படாத குடும்பத்துக்கு ஈடின்றிக் கொடுக்கும் கடனே நுண்கடன். அக்குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுக்கக் கூடாது. முன்கூட்டியே அடைப்பவரிடம் அபராதம் கேட்கலாகாது. தவணை தவறினாலும் தவறிய தொகைக்கு மட்டுமே அபராதம். வசூல், இருவரும் ஒப்புக்கொண்ட பொது இடத்தில் நடக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு முறையாவது அங்கே வராதவர் வீட்டுக்கே ஊழியர் போகலாம். காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் அழைப்பது, வசை மொழி பேசுவது, உற்றார் உறவினரைத் தொல்லைப்படுத்துவது, பெயரைப் பகிரங்கப்படுத்துவது, போலீஸ் வரும், ரேஷன் கார்டு போய்விடும் என்று பொய் சொல்லிக் கலங்கவைப்பது யாவும் விலக்கப்பட்டவை. கடனைத் திருப்ப இயலாமை உரிமையியல் வழக்குக்குரியதேயன்றிச் சிறைக்குரிய குற்றமன்று. இதை நான் சொன்னபோது ஒரு மூதாட்டி, 'நெசமாவா ஐயா?' என்று இரண்டு முறை கேட்டாள்.

உரிமை தெரிவதால் மட்டும் கடன் அடைந்துவிடாது. அடைக்க வருமானம் வேண்டும், அதற்குக் கையில் ஒரு தொழில் வேண்டும். இங்கேதான் நல்லெண்ணமுடையவர்களும் தவறு செய்வதாக எனக்குத் தோன்றுகிறது. ஒரே கிராமத்தில் முப்பது பெண்களுக்குத் தையல் கற்பித்து மெஷினுக்குக் கடனும் கொடுத்துவிட்டால், ரவிக்கை தைக்கக் கொடுப்பவர் யார் என்ற கேள்வி எஞ்சுகிறது. ஆட்டுக்குட்டி வாங்கியவள் அதை வளர்த்து விற்க எட்டு மாதமோ ஒரு வருஷமோ பொறுத்திருக்க வேண்டும். அவளிடம் அடுத்த வாரமே தவணை கேட்டால், அவள் வேறொரு கடன் வாங்கித்தான் கட்டுவாள். ஆடு மந்தையில் நிற்கும், கடன் வீட்டில் வளரும். வருமானம் வரும் காலத்துக்கேற்பத் தவணையின் கால இடைவெளியை அமைத்துக்கொள்ள மேற்சொன்ன கட்டளைகளிலேயே இடமிருக்கிறது. பால்காரியும் கூடை முடைபவளும் தத்தம் வரவு எந்த நாளில் வருமென்று சொல்லி, அதற்குத்தக்க தவணையைக் கேட்பதே முறை.

தொழிற்பயிற்சிக்கு மாவட்டங்களில் முன்னோடி வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. 1982-இல் கர்நாடகத்து உஜிரேயில் தோன்றிய நிலையமொன்றே இவற்றுக்கு மாதிரி. பயிற்சியும் சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். பயிற்சி முடிந்த பிறகும் வங்கிக் கடனுக்கு வழிகாட்டித் தொடர்ந்து கவனிப்பது அவற்றின் கடமை. எனவே, 'பயிற்சிக்குச் சேர்த்துவிடுகிறேன், சர்ட்டிபிகேட்டும் லோனும் வாங்கித் தருகிறேன்' என்று ஆயிரம் இரண்டாயிரம் கேட்கும் தரகரிடம் பணத்தையும் ஆதாரையும் கொடுக்கலாகாது. பிறருக்காகத் தன் பெயரில் கடன் எடுத்துக்கொடுப்பதும் அப்படியே. பணம் போனது ஒருவரிடமாயினும், கடன் தகவல் நிறுவனத்தின் பதிவில் நிற்பது கடன் எடுத்தவள் பெயரே. வருஷத்துக்கொரு முறை அந்தப் பதிவின் அறிக்கையை ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனத்திடமும் இலவசமாகப் பெறலாம்.

கொடுமை நேர்ந்தால் முதலில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குச் செலவில்லாமல் விண்ணப்பிக்கலாம். விவரம் கேட்க 14448. வக்கீல் வைக்க வசதியில்லையே என்று பெண்கள் அஞ்ச வேண்டியதில்லை. 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி, வருமானம் எதுவாயினும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. அதற்கு எண் 15100. மிரட்டலும் கைநீட்டலும் போலீஸ் நிலையத்துக்குரியவை. கந்துவட்டிக்காரர்மீது 2003-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டம் பாயும். வலுக்கட்டாய வசூலைத் தண்டிக்க 2025-இலும் ஒரு சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது.

பிள்ளைக்குக் காய்ச்சலென்று போனவளை மறுநாள் சந்தித்தேன். கடன் அட்டை இருக்கிறதா என்று கேட்டபோது, ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் உறையில் சுற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்ததை எடுத்து வந்தாள். 'இதை யாரும் படிச்சதில்லைங்க ஐயா, டியூ கட்டினா சார் கையெழுத்துப் போடுவாரு, அவ்வளவுதான்' என்றாள். பத்தாம் வகுப்பில் படிக்கும் அவள் மூத்த மகள் அட்டையை வாங்கி, ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்தாள். கணவன் பெயரில் மருத்துவக் காப்பீடு என்ற வரி வந்ததும் தாய் நிறுத்தச் சொல்லி, 'இதை யாரு கேட்டா?' என்றாள். பெண் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, நான் சொல்லச் சொல்லப் புகாரை எழுதினாள். பிறகு சுவரிலிருந்த மாதக் காலண்டரில் அன்றிலிருந்து எண்ணிக்கொண்டு போய், முப்பதாவது நாளைப் பேனாவால் வட்டமிட்டாள்.