தக்காளி ஆணம் அன்று, பாஸ்டா சோஸ் இன்று

வாடைக் காற்றில் கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும் மாதங்களில் கல்முனைப் பக்கத்து வீடுகளில் மீன் ஆணம் நின்றுபோய், தக்காளி ஆணம் கொதிக்கத் தொடங்கும். காலையில் இடியப்பத்துக்கும் அதுதான், பகல் சோற்றுக்கும் அதுதான். விருந்தாளிக்கு வைக்கிற கறியாக அதை ஒருவரும் மதித்ததில்லை. சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே முகம் சுருங்குகிறது. அதே பிள்ளைகள் பாஸ்டா என்றால் பாய்ந்து வருகிறார்கள்.

மூத்தம்மாமார் அந்த ஆணத்தை வைத்த விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். மண்சட்டியில் தேங்காய் எண்ணெய் காய்ந்ததும் கருவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை, நசுக்கிய உள்ளி, கீறிய கொச்சிக்காய். அடுத்தது தக்காளிப்பழம். சந்தையில் கனிந்துபோனது என்று ஒதுக்கி, அந்திக்கு மலிவாகக் கொடுக்கிற பழம்தான் தேடி வாங்கப்படும். அதற்குக் கத்தி தேவையில்லை. சட்டிக்கு மேலே பிடித்துக் கையாலேயே கசக்கி விடுவார்கள்; விதையும் சாறும் ஒரு சொட்டு வெளியே போகாது. உரலில் இடித்த மாசி ஒரு பிடி. நெருப்பைத் தணித்துவிட்டால், உம்மா அஸர் தொழுதுவிட்டு வரும்வரை சட்டி தன்பாட்டில் கிடக்கும். தென்னம் மட்டையும் சிரட்டையும் வளவுக்குள்ளேயே கிடைத்தன. அடுப்பு எவ்வளவு நேரம் எரிந்தாலும் காசு கரையாது. சாறு சுண்டி, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து மினுங்கும்போதுதான் தேங்காய்ப்பால் சட்டிக்கு வரும்.

பால் ஊற்றுவதற்கு முந்திய அந்த நிமிடத்தில் சட்டியில் இருந்தது, இன்றைக்கு நாம் சுப்பர் மார்க்கெட் தட்டில் விலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிற அதே பாஸ்டா சோஸ்தான்.

இதை ஊர்ப்பற்றில் சொல்லவில்லை. அந்தோனியோ லத்தீனி என்பவர் 1690களில் நாப்போலியில் வெளியிட்ட சமையல் நூலில் வரும் தக்காளி சோஸில் சுட்ட தக்காளியும் வெங்காயமும் மிளகாயும் இருக்கின்றன. அது வேகவைத்த இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ளச் சொன்னது. இத்தாலிய நூல்களில் பாஸ்டாவும் தக்காளியும் சேர்வதற்கு இன்னும் ஒரு நூற்றாண்டு ஆனது. கொச்சிக்காய் போட்டால் இத்தாலிச் சுவை கெட்டுவிடும் என்று சொல்கிற தம்பிமார் இதை அறிந்துகொள்வது நல்லது. தக்காளியும் மிளகாயும் அவர்களுக்கும் அமெரிக்காவிலிருந்து வந்தவைதான், நமக்கும் அப்படித்தான்.

பாஸ்டா இந்தக் கரைக்கு வந்த வழிகள் எனக்குத் தெரிய இரண்டு. 1977க்குப் பின் திறந்த பொருளாதாரம் வந்தது. ஊர்ச்சனம் சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் வேலைக்குப் போனது. அங்கே அடுப்படியில் நின்ற ராத்தாமார் திரும்பி வந்தபோது மக்ரோனி செய்யவும் பழகி வந்தார்கள். நோன்பு திறக்கும் மேசைக்கு அது வந்தது. மற்றது அறுகம்குடா. அலைச்சறுக்குக்காக எழுபதுகளிலிருந்து வெள்ளைக்காரர் வந்து தங்கிய இடம் அது. பக்கத்துப் பொத்துவில் இளைஞர்கள் அங்கே சமையல் வேலையில் நின்று கற்றார்கள்.

வந்த பண்டத்தில் குறையில்லை. அதற்கு ஊற்றிய சோஸில்தான் பிழை. பொரியலுக்குத் தொட்டுக்கொள்கிற போத்தல் சோஸை, வினாகிரியும் சீனியும் தூக்கலாக நிற்கிற அந்தச் சாமானை, அவித்த பாஸ்டாவில் ஊற்றிக் கிளறினோம். இன்றும் பல கடைகளில் அதுதான் நடக்கிறது. இறக்குமதியாகும் பாஸ்டா சோஸோ விலை தாங்காது. அதில் வைன் உண்டா, சீஸ் எப்படிப்பட்டது, ஹலால் முத்திரை எங்கே என்று போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கவும் வேண்டும்.

பிறகு 2022. முந்திய ஒக்டோபர் வரை 1,500 ரூபாவுக்குக் கிடைத்த 12.5 கிலோ கேஸ் சிலிண்டர், அந்த ஏப்ரல் முடிவில் 4,860 ரூபாவுக்குப் போனது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். விறகடுப்பில் சும்மா கிடைத்த நேரத்துக்கு இப்போது கேஸ் சிலிண்டரில் விலை. அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான் என்பேன். அதே செப்டெம்பரில் இத்தாலியிலும் கேஸ் விலை ஏறியிருந்தது. இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கிய ஜோர்ஜியோ பாரிசி, பாஸ்டா கொதித்தபின் அடுப்பை அணைத்து மூடிவைத்தாலே வெந்துவிடும் என்ற யோசனையைப் பகிர்ந்து, அங்குள்ள சமையற்காரர்களிடம் ஏச்சு வாங்கினார். எங்கள் வீடுகளில் அந்த முறை நன்றாகவே வேலை செய்கிறது: 2 நிமிடம் கொதிக்கவிட்டு, இறுக்கி மூடி, பக்கட்டில் போட்ட நேரத்தைவிட ஓரிரு நிமிடம் கூட விட்டால் சரி.

சோஸுக்கு நேரத்தைக் குறைக்க வழி அகன்ற தாச்சி. வாய் அகன்றால் நீராவி வேகமாகப் போகும். ஒரு கிலோ பழத்தைப் பாதியாக வெட்டித் துருவியில் தேயுங்கள். தோல் கையில் மிஞ்சும், சதை முழுக்கக் கீழே விழும். விதையைச் சுற்றிய வழவழப்பை வீசாதீர்கள். சுவையூட்டும் குளுட்டமேட் சதையைவிட அதில்தான் கூட என்று ஆய்வுகளே சொல்கின்றன; கையால் கசக்கிய மூத்தம்மாமார் கணக்குச் சரி. 2 மேசைக்கரண்டி எண்ணெயில் ஒரு பம்பாய் வெங்காயத்தைப் பொடியாக அரிந்து நிறம் மாறும்வரை வதக்கி, 5 பல் உள்ளி, ஒரு செத்தல் மிளகாய், பழம், உப்பு. மூடாமல், நடுத்தர நெருப்பில் 25 நிமிடமளவில் பாதியாகச் சுண்டும். புளிப்புத் தூக்கினால் துருவிய கரட் கொஞ்சம், சீனியைவிட அது நல்லது. இறக்கும்போது ஒரு தேக்கரண்டி மாசித்தூள், ஒரு துண்டு அஸ்ட்ரா, பாஸ்டா அவித்த தண்ணீர் ஓர் அகப்பை.

மாசியைக் கண்டு சிரிக்க வேண்டாம். இத்தாலியின் தெற்கில் உப்பிட்ட நெத்தலியைத் தக்காளியோடு கரைப்பார்கள். மீனிலுள்ள இனோசினேட்டும் தக்காளியின் குளுட்டமேட்டும் சேர்ந்தால் சுவை பலமடங்கு ஏறும். பர்மேசன் சீஸ் வாங்கும் காசில் பல மாதத்துக்கு மாசி வாங்கலாம். ரம்பையை மட்டும் விட்டுவிடுங்கள். போட்டால் பழையபடி ஆணம்தான்.

நம் கடற்கரை மணலில் தக்காளி பெரிதாக விளைவதில்லை. வெலிமடையிலிருந்தும் தம்புள்ளையிலிருந்தும் லொறி வர வேண்டும். மலையில் மழை அடித்தால் விலை ஏறும், விளைச்சல் குவிந்தால் ஏலம் கூறுவார்கள். முன்பு மலிந்த காலத்தில் மூன்று நாளுக்கு மேல் பழத்தை வைக்க முடியாது. இன்று பிறிஜ் இருக்கிறது. மூத்தம்மாவுக்குக் கிடைக்காத வசதி இது. சோஸை ஆறவிட்டு, பிள்ளைகளின் ஐஸ் பக்கட் பைகளில் ஒரு நேரத்துக்கு ஒன்றாகக் கட்டி ஐஸ் தட்டில் அடுக்கினால் மூன்று மாதத்துக்குக் கவலையில்லை. மின்வெட்டு நீண்டால்தான் பாடு.

கடற்கரையோரம் மாலையில் பாஸ்டா விற்கிற தம்பிமாருக்கு ஒரு விண்ணப்பம். மலிந்த நாளில் பத்துக் கிலோ பழம் வாங்கிச் சுண்ட வைத்துப் பாருங்கள். சோஸ் போத்தலை மேசையிலேயே வையுங்கள், கட்லட் தின்பவர் கேட்பார். தாச்சியில் மட்டும் ஊற்றாதீர்கள்.