நாய்க்கும் பல் சீரமைப்பா?

நாயின் பல்லுக்குச் சீரமைப்பு என்றால் பலருக்குச் சிரிப்பு வரும். 'பணம் படைத்தவர்களின் வீண் செலவு' என்பார்கள். ஆனால், வலியைப் போக்குவதே இச்சிகிச்சையின் நோக்கம்.

நாய்க்குட்டிக்கு 28 பால் பற்கள். வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். 4 முதல் 7 மாதத்திற்குள் பால் பற்கள் விழுந்து நிலையான பற்கள் முளைக்கும். பால் பல் விழாமல் நின்றுவிட்டால், கீழ்த்தாடையின் கோரைப்பல் இடமின்றி உட்புறமாக முளைக்கும். தாடை குறுகலாக இருந்தாலும் இப்படி நேரலாம். வாயை மூடும் ஒவ்வொரு முறையும் அந்தப் பல் மேலண்ணத்தைக் குத்தும். நாளடைவில் புண்ணாகி, மூக்குவரை துளை விழக்கூடும். வாயில்லா ஜீவன் சொல்லாது. வலியோடும் வழக்கம்போல் சாப்பிடும்.

இதற்கு என்ன வழி? முதலில், விழாத பால் பல்லை மயக்க மருந்து கொடுத்துப் பிடுங்க வேண்டும். பிறகும் சரியாகாவிட்டால், மேல் பற்களில் செயற்கைப் பிசினால் சிறு சாய்தளம் அமைப்பர். வாய் மூடும்போதெல்லாம் கீழ்ப்பல் அதில் சறுக்கி, சில வாரங்களில் வெளிப்புறம் நகரும். இயலாதபோது பல்லின் உயரத்தைக் குறைப்பதும், பிடுங்குவதும் உண்டு.

இங்கே அறம் சார்ந்த கேள்வியும் எழுகிறது. பல கோணல்கள் பரம்பரையாக வருபவை. பல்லை நேராக்கினாலும் மரபணு மாறாது. ஆகவே, கண்காட்சியில் பரிசு பெறவோ, குட்டி ஈன வைத்து விற்கவோ இச்சிகிச்சையைச் செய்வது முறையன்று. அத்தகைய நாய்க்குக் கருத்தடை செய்வதே நல்லது.

குட்டி வளர்ப்போர் 4 மாதம் முதல் வாரம் ஒருமுறை அதன் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஒரே இடத்தில் இரு கோரைப்பற்கள் தெரிந்தால், காத்திராமல் கால்நடை மருத்துவரை நாடுங்கள்.