சொல்லால் ஆன உலகம் – 6: ஓமந்தையின் அரை மணி நேரம்

2002 யுத்த நிறுத்தத்துக்குப் பிறகு வவுனியாவிலிருந்து ஏ-9 வீதியால் கிளிநொச்சிக்குப் போனவர்களுக்கு நினைவிருக்கும். ஓமந்தையில் இராணுவத்தின் சோதனைச் சாவடி: அடையாள அட்டை, பொதி, வரிசை. அதைத் தாண்டினால் செஞ்சிலுவைக் கொடி பறக்கும் சூனியப் பிரதேசம். பிறகு புளியங்குளத்தில் விடுதலைப் புலிகளின் சாவடி: பதிவு, வரி. எல்லாம் முடிந்ததும் கைக்கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னுக்குத் திருப்ப வேண்டும்.

1996இல் மின்சாரத் தட்டுப்பாடு வந்தபோது கொழும்பு மே மாதம் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்தள்ளியது. ஒக்ரோபரில் அதில் பாதியைக் குறைத்தது. புலிகளின் பகுதி பழைய நேரத்திலேயே நின்றது. சூரியன் இரு பக்கமும் ஒன்றாகத்தான் உதித்தது. ஆனால் சந்திப்புக்கு நேரம் குறித்தால், "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று கேட்டுத் தெளிய வேண்டியிருந்தது.

சர்வதேச உறவுகளை விளக்க, சென்ற வாரம் பார்த்த யதார்த்தவாதிகள் துவக்குகளை எண்ணுவார்கள். கட்டுமானவாதிகள் இந்த மணிக்கூட்டையும் பார்க்கச் சொல்வார்கள். 1989இல் நிக்கலஸ் ஒனஃப் அவர்களின் கோட்பாட்டுக்குக் கட்டுமானவாதம் என்று பெயர் வைத்தார். 1992இல் அலெக்சாண்டர் வென்ட் எழுதிய கட்டுரை அதைப் பரப்பியது. வென்டின் உதாரணத்தில், பிரிட்டனின் ஐந்நூறு அணுகுண்டுகள் அமெரிக்காவைக் கலங்கவைக்காது. வடகொரியாவின் ஐந்து கலங்கவைக்கும். யார் நண்பன், யார் பகைவன் என்ற புரிதல்தான் ஆயுதத்துக்குப் பொருள் தருகிறது என்பது அவரது வாதம்.

புலிகளின் பகுதியான வன்னியை எந்த நாடும் தனி அரசாக ஏற்கவில்லை. ஆனாலும் அங்கே புலிகளின் நீதிமன்றமும் காவல்துறையும் வைப்பகமும் இயங்கின. அதே கிளிநொச்சியில் அரசாங்கத்தின் கச்சேரியும் இருந்தது; ஆசிரியருக்கும் தாதிக்கும் சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது; கடையில் புழங்கியது இலங்கை ரூபாய். ஒரே தெருவில் இரண்டு அரசுகள். மக்கள் காலையில் ஒன்றிடமும் மாலையில் மற்றதிடமும் கையொப்பம் வாங்கினார்கள். வீதியில் நின்ற தடை கம்பியும் மண்மூட்டையும்தான். அதை எல்லையாக்கியது, இரு பக்கமும் நாள்தோறும் அதை எல்லையாக நடத்தியதுதான்.

பெயரின் வலு எவ்வளவு என்பதற்கும் கிளிநொச்சியே சாட்சி. 2003 நவம்பரில் ஐரோப்பிய ஆணையத்தின் கிறிஸ் பற்றன் அங்கு வந்து பிரபாகரனைச் சந்தித்தார். 2006 மே மாதம் அதே ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. இடையில் நடந்த கொலைகளும் தாக்குதல்களும் அதற்குக் காரணமாயின. பட்டியல் வன்னியில் ஒரு காவலரணைக்கூட நகர்த்தவில்லை. ஆனால் புலிகளின் கண்ணில் சுவீடன், டென்மார்க், பின்லாந்து நாட்டு யுத்த நிறுத்தக் கண்காணிப்பாளர்கள் நடுவர் என்ற தகுதியை இழந்தார்கள். அவர்கள் வெளியேறவேண்டி வந்தது. நோர்வேயும் ஐஸ்லாந்தும் மட்டும் மிஞ்சின.

கட்டப்பட்டது என்றால் கற்பனை என்று பொருளல்ல. வீடும் கட்டப்பட்டதுதான், இடிந்தால் உள்ளே இருப்பவர் சாவார். 2009 ஜனவரியில் முல்லைத்தீவில் ஒரு நிலப்பரப்புக்குப் பாதுகாப்பு வலயம் என்று அரசாங்கம் பெயரிட்டது. பெயரை நம்பிச் சனம் அங்கே போனது. ஷெல்லும் அங்கேயே போய் விழுந்தது. சொல்லை எல்லோரும் மதித்து நடந்தால்தான் அது வேலி.

2006 ஏப்ரலில், புத்தாண்டோடு, கொழும்பு தன் மணிக்கூட்டைப் பழைய நேரத்துக்கே திருப்பியது. பத்து ஆண்டுகளுக்குப் பின் ஓமந்தைக்கு இப்பாலும் அப்பாலும் ஒரே நேரம். நான்கு மாதத்தில், ஓகஸ்டில், அதே ஏ-9 வீதியின் முகமாலைப் பாதை மூடப்பட்டது. ஒரே நேரத்தைக் காட்டிய இரண்டு மணிக்கூடுகளுக்கு நடுவே போர் மீண்டும் தொடங்கியது.

(அடுத்த வாரம்: ஜெனீவாவில் கை உயர்த்தும் நாடுகள்)